அடிப்படைச் சம்பளம் பாதி, கமிஷன் பாதி: வீட்டுக் கடனுக்கு வங்கி எதைக் கணக்கில் எடுக்கும்?

பெயின்ட்காரன் (மார்ச் 9)

வணக்கம். மூன்று வருடமாக இங்கே வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவன். இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன், மனம் பொறுக்காமல்.

திருகோணமலையில் ஒரு பெயின்ட் கம்பனியில் ரெப் (விற்பனைப் பிரதிநிதி) ஆக இருக்கிறேன். ஒரு பக்கம் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை. மற்றப் பக்கம் கிண்ணியா, மூதூர். அடிப்படைச் சம்பளம் 70,000. மிச்சம் எல்லாம் கமிஷன். உப்புவெளியில் மனைவிக்குச் சீதனமாக வந்த 12 பேர்ச் காணி இருக்கிறது. ஒன்பது வருடம் வாடகை கொடுத்தாயிற்று, இனி வீடு கட்டலாம் என்று 50 லட்சம் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். அந்த ஒஃபிசர் ஆறு மாதப் பேஸ்லிப்பைப் புரட்டினார், கல்குலேட்டரில் எதையோ தட்டினார், "ஆறு லட்சம் வரைக்கும் பார்க்கலாம்" என்றார்.

ஆறு லட்சத்துக்கு மதிலும் கேற்றும்தான் வரும். உள்ளே வீடு இருக்காது.

கமிஷனை வருமானமாகவே எடுக்க மாட்டார்களா? நான் விற்றுத்தானே உழைக்கிறேன்?

கன்னியா வெந்நீர்

மதிலைக் கட்டி நல்ல பெயின்ட் அடியுங்கள், உள்ளே வீடு இல்லாதது யாருக்குத் தெரியப் போகிறது 😀

சரி, உண்மையான யோசனை. கம்பனியில் தெரிந்த ஆளைப் பிடித்து, அடிப்படைச் சம்பளம் 1,30,000 என்று ஒரு கடிதம் எடுங்கள். என் சிநேகிதன் ஒருவன் அப்படித்தான் செய்தான்.

ஓர்ஸ்ஹில் பழசு

வெந்நீர், அந்த யோசனையை இங்கேயே புதைத்துவிடும். 26 வருடம் கடன் பகுதியில் இருந்தவன் சொல்கிறேன். கடிதம் மட்டும் வங்கிக்குப் போவதில்லை. சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) கூற்றைக் கேட்பார்கள். அதில் 70,000க்குத்தான் உமது 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் கட்டியிருக்கும். கம்பனிக்கு ஒரு கோல் போடுவார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்தக் கடன் மட்டுமல்ல, அந்தக் கிளையில் இனி எந்தக் கடனும் இல்லை.

பெயின்ட்காரன் தம்பி, நாலு கேள்வி. நியமனக் கடிதத்தில் கமிஷன் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? கமிஷன் சம்பளத்தோடு சேர்ந்து பேஸ்லிப்பில் வருகிறதா, தனியாகவா? கடைசிப் 12 மாதமும் எவ்வளவு வந்தது? வேறு கடன், லீசிங் ஏதாவது ஓடுகிறதா?

நாலாவதை முதலில் சொல்லும்.

பெயின்ட்காரன்

நன்றி ஐயா. கார் லீசிங் ஒன்று ஓடுகிறது, மாதம் 28,500, இன்னும் 14 தவணை. கார் இல்லாமல் இந்த வேலை செய்ய முடியாது.

நியமனக் கடிதத்தில் "கம்பனித் திட்டத்தின்படி விற்பனைக் கமிஷன்" என்று ஒரு வரி இருக்கிறது, தொகை இல்லை. பேஸ்லிப்பில் தனி வரியாக வரும். வங்கியில் ஒன்றாகத்தான் விழும். சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்.

கமிஷன், ஆயிரத்தில்: ஏப்ரல் 48, மே 62, ஜூன் 85, ஜூலை 96, ஓகஸ்ட் 110, செப்டெம்பர் 88, ஒக்டோபர் 54, நவம்பர் 18, டிசம்பர் 12, ஜனவரி 15, பெப்ரவரி 47. மார்ச் இன்னும் முடியவில்லை, போன மார்ச் 73. மாரி மழையில் யார் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள்? நவம்பரில் கடைக்காரர் என்னைக் கண்டாலே உள்ளே போய்விடுவார்கள்.

ஓர்ஸ்ஹில் பழசு

இதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. ஆறுதலாக வாசியும்.

உமது வருடக் கமிஷன் 7,08,000. மாதச் சராசரி 59,000. ஆனால் நீர் வங்கிக்குப் போனது மார்ச் தொடக்கத்தில். ஒஃபிசர் கையில் எடுத்தது செப்டெம்பர் முதல் பெப்ரவரி வரை. அந்த ஆறு மாதச் சராசரி 39,000. இதே நீர் செப்டெம்பரில் போயிருந்தால் மார்ச் முதல் ஓகஸ்ட் வரை பார்த்திருப்பார், அது 79,000. ஆள் ஒன்று, வேலை ஒன்று, நாற்பதாயிரம் வித்தியாசம். கொழும்பில் இருந்து வந்த ஒஃபிசருக்கு வடகீழ்ப் பருவமழை பெயின்ட் விற்பனையை என்ன செய்யும் என்று தெரியாது. நீர்தான் 12 மாதத்தையும், முடிந்தால் 24 மாதத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய், போன மாரியும் இப்படித்தான், பிறகு ஏறியது என்று காட்டவேண்டும்.

இனி அந்த ஆறு லட்சம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கமிஷனை எடுக்கவில்லை என்று நினைக்கிறீர். எடுத்திருக்கிறார், பாதியை. 39,000இல் பாதி 19,500. அதை 70,000உடன் கூட்டினால் 89,500. எல்லாக் கடன் தவணைக்கும் சேர்த்து அதில் 40 வீதம், அதாவது 35,800. லீசிங் 28,500ஐக் கழித்தால் மிச்சம் 7,300. 12 வீத வட்டியில் 15 வருடத்துக்கு ஒரு லட்சத்தின் தவணை ஏறத்தாழ 1,200 ரூபா. 7,300ஐ 1,200ஆல் பிரியும். ஆறு லட்சம். உம்மை வதைக்கவில்லை, கணக்குப் பார்த்திருக்கிறார். கமிஷனை எடுக்கவே இல்லையென்றால் 28,000இல் 28,500ஐக் கழிக்கவேண்டியிருக்கும், ஒரு சதமும் வராது.

(பாதி எடுப்பதும் 40 வீதமும் சட்டம் அல்ல. ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒன்று வைத்திருக்கும். கமிஷனில் 70, 75 வீதம் எடுத்த இடமும் கண்டிருக்கிறேன், அறவே தொடாத இடமும் கண்டிருக்கிறேன். ஆனபடியால் ஒரு கதவு சாத்தினால் அடுத்ததைத் தட்டும்.)

அந்த ஆறு மாதத்தை மட்டும் பார்க்காமல், முழு வருடச் சராசரியை எடுத்தாலும் ஒன்பது லட்சத்துச் சொச்சம்தான் வரும். நல்ல ஆறு மாதத்தை எடுத்தால் பன்னிரண்டே முக்கால். ஆக உமது கழுத்தைப் பிடித்திருப்பது கமிஷன் அல்ல தம்பி, அந்தக் கார். 28,500ஐ 1,200ஆல் பிரித்தால் 23¾ லட்சம். அந்த லீசிங் ஒன்று மட்டும் அவ்வளவு கடனை மறித்துக்கொண்டு நிற்கிறது. முடிக்கத் தேவையானது 14 தவணை, நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய. முன்கூட்டியே முடித்தால் இனி வரவேண்டிய வட்டியில் எவ்வளவு விடுவார்கள் என்று எழுத்தில் கேளும்.

மனைவி வேலை செய்கிறாரா?

பெயின்ட்காரன்

ஐயா, இரண்டு தடவை வாசித்தேன். மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். "நான் அப்பவே சொன்னேன், கார் வேண்டாம், வான் பழசே போதும் என்று" என்கிறா. இதற்கு உங்களிடம் கணக்கு இருக்கிறதா?

அவ ஆசிரியை. கையில் 60,000 வரும்.

ஓர்ஸ்ஹில் பழசு

அதற்குக் கணக்கு இல்லை.

ஆசிரியை என்றால் வழி திறந்துவிட்டது. காணியும் அவவின் பெயரில்தானே, ஈட்டு உறுதியில் எப்படியும் கையெழுத்து வைக்கத்தான் வேண்டும். இருவருமாக விண்ணப்பியுங்கள். லீசிங் இல்லாமல் உமது பக்கம் 39,800, அவவின் 60,000இல் 40 வீதம் 24,000. சேர்த்து 63,800. அது 53 லட்சம்.

ஆறு எங்கே, ஐம்பத்து மூன்று எங்கே. சம்பளம் ஒரு ரூபா கூடவில்லை.

லிங்கநகர் அக்கா

தம்பி, உங்களுக்காவது 70,000 அடிப்படை இருக்கிறது. நான் காப்புறுதி முகவர், எனக்கு முழுக்கக் கமிஷன். பேஸ்லிப் என்று ஒரு சாமானே கிடையாது. 2023இல் கடன் கேட்கப் போனபோது "நீங்கள் ஊழியரா, சுயதொழிலா?" என்று கேட்டார்கள். எனக்கே பதில் தெரியவில்லை.

எனக்கு உதவியது வரிக் கோவை. சிரிக்காதீர்கள். எங்கள் மாதிரி ஆட்களுக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கமிஷன் போனால் கம்பனி 5 வீத வரியைப் பிடித்துவிட்டுத்தான் தரும். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் அந்த வரி பிடித்த சான்றிதழ்தான் என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி, கம்பனியே கையெழுத்து வைத்து "இந்த ஆளுக்கு இவ்வளவு கொடுத்தோம்" என்று சொல்கிற தாள். டின் நம்பர் (வரி செலுத்துவோர் இலக்கம்) எடுத்து, இரண்டு வருட வருமான வரி விவரத் திரட்டும் கொடுத்த பிறகு வங்கியில் என்னோடு பேசிய தொனியே மாறியது. வருமான வரி வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்கவேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 லட்சம் வரை வரி இல்லை. ஆனபடியால் பலருக்குக் கட்டவேண்டியது ஒன்றும் வராது, பிடித்ததைத் திருப்பிக் கேட்கவும் இடமிருக்கிறது.

வரிக்கு வருமானத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு வங்கியில் கூட்டிக் காட்ட நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு தாளும் ஒரே மேசைக்கு வரும் நாள் ஒன்று இருக்கிறது.

கிண்ணியா நானா

நம்மட பக்கத்தில் இருந்து ஒரு சொல். நான் நிலாவெளியில் சீசனுக்குப் படகுக்கும் ஹோட்டலுக்கும் ஆள் சேர்த்துக் கொடுக்கிறவன். மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் காசு, பிறகு வலையைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான். கமிஷன் எல்லாம் கையில் காசாக வரும். அங்கேதான் நான் பிழைவிட்டேன். காசு வந்தது, செலவழிந்தது, வங்கிப் புத்தகத்தில் ஒரு தடயமும் இல்லை. "வருடம் இவ்வளவு உழைக்கிறேன்" என்றால் யார் நம்புவார்?

இப்போது இரண்டு சீசனாக, கிடைத்ததைக் கிழமைக்கொரு தடவை ஒரே கணக்கில் போட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். மொத்தமாக ஒரு நாளில் போட்டாலும் வேலையில்லை, எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

வட்டி வேண்டாம் என்று முஷாரகா முறையில் விசாரித்தேன். அவர்களும் நாமும் சேர்ந்து வீட்டை வாங்குவது, அவர்களின் பங்கை மாதாமாதம் நாம் வாங்கிக் குறைப்பது, மிச்சப் பங்குக்கு வாடகை கொடுப்பது. முறை வேறு, ஆனால் வருமான அத்தாட்சி என்று வந்தால் அதே கேள்வி, அதே தாள். அதில் சலுகை கிடைக்கும் என்று நினைத்துப் போய்விடாதீர்கள்.

கொழும்பில் ஒரு திருமலையான்

எல்லாரும் பயந்து பயந்து எழுதுகிறீர்கள். 53 வருமென்றால் 53ஐயும் எடுக்கச் சொல்லுங்கள். சீமெந்தும் கம்பியும் போகிற போக்கில் இன்றைக்கு 50 லட்சத்துக்குக் கட்டுவதை நாலு வருடம் கழித்துக் கட்ட முடியாது. கமிஷன் கூடும், சம்பளம் கூடும், தவணை அப்படியே நிற்கும். என் வீட்டை அப்படித்தான் கட்டினேன்.

அன்புவழிபுரம்

"தவணை அப்படியே நிற்கும்" என்கிறீர்களே, அதைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2021 தொடக்கத்தில் 30 லட்சம் எடுத்தேன், 15 வருடம். அப்போது வட்டி அடிமட்டத்தில். 9 வீதம், தவணை 30,400. உறுதியில் "ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். கூட்டல் இத்தனை" என்று ஒரு வரி. வாசித்தேன், விளங்கவில்லை, கையெழுத்து வைத்தேன். வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன் வீதங்களின் சராசரி அது, மத்திய வங்கி கிழமைக்குக் கிழமை வெளியிடும் என்று பிறகுதான் தெரிந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 வீதப் புள்ளி கூட்டியது. அந்த வருட முடிவில் என் வீதம் 27. தவணை 64,000ஐத் தாண்டியது. அதே நேரம் பெற்றோலுக்கு வரிசை, கடைகளில் சாமான் இல்லை, எனக்குக் கமிஷன் பூச்சியம். நான் எலெக்ட்ரிக் சாமான் விற்கிறவன். கரண்டே இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜ் யார் வாங்குவார்?

வங்கியில் போய் அழுது வட்டியை மட்டும் கட்டினேன், பத்து மாதம். நகை போனது. வீடு நின்றது. இப்போது வீதம் இறங்கிவிட்டது, உண்மை. ஆனால் வட்டி ஏறுவதும் கமிஷன் விழுவதும் தனித்தனியாக வருவதில்லை, கைகோத்துக்கொண்டுதான் வரும். கமிஷன்காரனுக்கு அதுதான் ஆபத்து. மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு பக்கம்தான் அடி.

கொழும்பில் ஒரு திருமலையான்

2022 மாதிரி ஒன்று திரும்ப வராது அண்ணா.

அன்புவழிபுரம்

2021இலும் அப்படித்தான் சொன்னார்கள் தம்பி.

ஓர்ஸ்ஹில் பழசு

இருவரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்திருக்கிறீர்கள். கொழும்பார் சொல்வதும் பொய்யல்ல, பொருள் விலை காத்திராது. ஆனால் எவ்வளவு கடன் கிடைக்கும் என்பது வங்கியின் கேள்வி. எவ்வளவு எடுக்கலாம் என்பது வீட்டுக் கேள்வி. அதை வங்கி உமக்குப் பதிலாகக் கேட்காது.

பெயின்ட்காரன் தம்பி, உமது நவம்பர், டிசம்பர், ஜனவரியை எடும். கமிஷன் சராசரி 15,000. அதோடு 70,000, மனைவியின் 60,000. வீட்டுக்கு வருவது 1,45,000, கழிவுகளை இப்போதைக்கு விடுவோம். 50 லட்சத்துக்குத் தவணை 60,000. மிச்சம் 85,000இல் காருக்கு எரிபொருள், பிள்ளைகள், தைப்பொங்கல், ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவு. முடியுமா என்று மனைவியைக் கேளும், என்னைக் கேட்காதேயும். பிறகு அன்புவழிபுரத்தாரின் நிலையையும் போட்டுப் பாரும். வட்டி 25 ஆனால் 50 லட்சத்துக்குத் தவணை 1,06,800. 40 லட்சத்துக்கு 85,400. இரண்டும் கசப்புத்தான், ஒன்றை விழுங்கலாம்.

இரண்டு வருடமோ ஐந்து வருடமோ நிலையான வட்டி தருகிறார்களா என்று கேளும், அந்தக் காலம் முடிந்தபின் என்ன சூத்திரம் என்றும் கேளும். இரண்டாவதைத்தான் எல்லாரும் கேட்க மறக்கிறார்கள்.

இன்னொன்று. சேமலாப நிதியில் பத்து வருடத்துக்கு மேல் சேவையும் மூன்று லட்சத்துக்குக் குறையாத மீதியும் இருந்தால், வீட்டுக்காக 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம், உச்சம் 20 லட்சம். காருக்கு எடுக்க முடியாது. அதற்கு வேறு வழி பாரும்.

லிங்கநகர் அக்கா

ஐயா, கமிஷனுக்கும் சேமலாப நிதி கட்டவேண்டும் அல்லவா?

ஓர்ஸ்ஹில் பழசு

சட்டப்படி கமிஷனும் உழைப்பூதியத்தில் அடங்கும், கட்டத்தான் வேண்டும். தம்பியின் கம்பனி கட்டவில்லை. கட்டியிருந்தால் வங்கிக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் கடன் கேட்கிற நேரத்தில் முதலாளியோடு அந்தச் சண்டையைத் தொடங்கச் சொல்லமாட்டேன். அதை எப்போது தொடங்குவது என்பது அவருடைய முடிவு.

பெயின்ட்காரன் (மார்ச் 21)

கிரிப் அறிக்கை (ஒருவரின் கடன்களையும் அவற்றைக் கட்டிய ஒழுங்கையும் காட்டும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை) எடுத்தேன். என் கடன், கார்ட் எல்லாம் ஒழுங்கு. ஆனால் அடியில் இன்னொன்று: மச்சானின் ஆட்டோ லீசிங்குக்கு நான் பிணை நின்றது. இரண்டு தவணை பிந்தி இருக்கிறது. நான் அதை மறந்தே போய்விட்டேன். கையெழுத்து வைத்தது ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுக்கு முதல்.

கன்னியா வெந்நீர்

சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டிருந்தால் தப்பியிருப்பீர்கள்.

ஓர்ஸ்ஹில் பழசு

பிணையும் அறிக்கையில் வரும், பலருக்கு இது தெரியாது. மச்சானோடு பேசிப் பிந்திய தவணைகளைக் கட்ட வையும். கட்டிய உடனே அறிக்கை மாறாது, கம்பனிகள் தகவல் அனுப்ப நாள் எடுக்கும். அதுவரைக்கும் ரசீதைக் கையில் வைத்திரும். காரின் லீசிங் முடிந்ததும் முடிவுக் கடிதம் வாங்க மறக்காதேயும்.

அன்புவழிபுரம்

காணியையும் இப்போதே பாருங்கள். வருமானம் சரிவந்த பிறகு உறுதியில் மாட்டுப்பட்டு நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். வங்கியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடுவார். எங்கள் ஊரில் இடம்பெயர்ந்தபோது மூல உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனை! பதிவு இருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பதும் முக்கியம். அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்துக்கு வேறு நடக்கவேண்டும், பல வங்கி தொடாது. உப்புவெளி என்றால் வீட்டுப் படத்துக்கு பட்டினமும் சூழலும் பிரதேச சபையில் அங்கீகாரம். அதற்கும் நாள் போகும்.

பெயின்ட்காரன் (செப்டெம்பர் 17)

எல்லாருக்கும் திரும்ப வணக்கம். இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும், சொல்லாமல் விட்டால் சரியில்லை.

மனைவி ஒரு சீட்டுப் போட்டிருந்தா, எனக்குத் தெரியாது. மே மாதம் அதை எடுத்துக் காரின் லீசிங்கை முடித்தோம். "கார் வேண்டாம்" கதை இனி ஆயுசுக்கும் ஓடும். மச்சான் பிந்தியதைக் கட்டினான், அதற்கு இரண்டு சண்டையும் ஒரு சமாதானமும் தேவைப்பட்டது.

வேறொரு வங்கிக்கு ஓகஸ்ட் முடிவில் போனோம். 24 மாதக் கமிஷனை ஒரு தாளில், மாரி மாதங்களுக்குக் கீழே கோடு போட்டுக் கொண்டுபோனேன். ஒஃபிசர் மட்டக்களப்புக்காரி. "மழைக்கு இப்படித்தான் இருக்கும்" என்று நான் வாய் திறக்கமுன்னமே சொன்னா. வருடச் சராசரியில் பாதி எடுத்தார்கள், ஐயா சொன்ன மாதிரியே. மனைவியின் இடர்க்கடன் (அரச ஊழியருக்குக் கொடுக்கும் கடன்) தவணை ஒன்று கழிந்தது. 49 லட்சம் வரை தரலாம் என்றார்கள்.

40 எடுக்கிறோம். 12 வீதம், ஐந்து வருடம் நிலையான வட்டி, பிறகு சூத்திரம். அந்தச் சூத்திரத்தை மூன்று தடவை சொல்ல வைத்து எழுதிக்கொண்டேன். சேமலாப நிதியில் இருந்து நாலரை லட்சம் விண்ணப்பித்திருக்கிறேன். மேல்மாடி இப்போதைக்கு இல்லை, படியை மட்டும் வெளியே விட்டிருக்கிறோம்.

கொழும்பில் ஒரு திருமலையான்

49 தந்தும் 40 எடுத்த முதல் மனுசனை இன்றைக்குத்தான் காண்கிறேன். வாழ்த்துகள்.

ஓர்ஸ்ஹில் பழசு

சந்தோஷம் தம்பி. காசு கட்டம் கட்டமாகத்தான் தருவார்கள். அத்திவாரம் முடிந்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்தால்தான் அடுத்தது. அந்த இடைவெளியில் மேசனுக்குக் கொடுக்கக் கையில் கொஞ்சம் வைத்திரும். இப்போது தொடங்கினால் மாரிக்கு முதல் எது மட்டும் வரும்?

பெயின்ட்காரன்

மேசன் அத்திவாரமும் டி.பி.சி.யும் (நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் போடும் படை) என்கிறார். சுவரைத் தைக்குப் பிறகு எழுப்பலாமாம். நவம்பர் டிசம்பரில் எனக்கும் கடைகளில் வேலை குறைவு, காணியில் நின்று பார்க்கலாம்.

கன்னியா வெந்நீர்

பெயின்ட் எந்தக் கம்பனி?